இறங்கித் தள்ள ஆளில்லாத ஊர்

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிறவர்கள் சுகம் விசாரித்து முடிந்ததும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். "நீ அங்கை என்ன வேலை செய்யிறாய்?" வண்டிச் சில்லுச் செய்கிறேன் என்பேன். "காருக்கோ?" இல்லை, செவ்வாய்க் கிரகத்துக்கு என்பேன். உடனே ஊர்க் கதைக்கு மாறிவிடுவார்கள். என் அண்ணை மட்டும் ஒருமுறை நன்றாக யோசித்துவிட்டு, "அங்கை ரோட்டு இருக்கோ?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. ரோட்டு இல்லை. அதனால்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அண்ணைக்குப் போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இடையில் லைன் அறுந்துவிட்டது. போன மாதம் நடந்த ஒரு விஷயத்தையும் சேர்த்து ஆறுதலாக எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

வேற்றுக் கிரகத்தில் ஓடப்போகிற ஊர்திக்குக் காலும் சில்லும் வடிவமைக்கிற ஒரு சிறிய குழுவில் நான் ஒருவன். ஊர்தி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான். ஆறு சில்லு. ரப்பர் டயர் கிடையாது. அங்குள்ள குளிருக்கு ரப்பர் இறுகி வெடித்துவிடும். அதனால் மெல்லிய உலோகத் தகட்டை வளைத்து, கல்லில் ஏறும்போது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற மாதிரிச் செய்கிறோம். வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், நத்தைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

அந்த வேகம் போதும், அங்கே யாருக்கும் அவசரமில்லை. எங்களுக்கு இருக்கிற பயம் எல்லாம் மணலைப் பற்றித்தான். மணலில் மாட்டினால் சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று தன் குழியைத் தானே தோண்டும். பூமியில் என்றால் யாராவது இறங்கித் தள்ளலாம். அங்கே யார் இறங்குவது? நாங்கள் இங்கிருந்து அனுப்புகிற கட்டளை போய்ச் சேரவே பல நிமிடம் எடுக்கும். ஊர்தி மாட்டிவிட்டது என்று எங்களுக்குத் தெரியவரும்போது அது மாட்டி வெகுநேரமாகியிருக்கும்.

எங்கள் குழுத் தலைவி ஹெலன் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். "சிவா, நீங்கள் பழகிய எந்த வாகனத்தையும் நினைக்காதீர்கள். அவை எல்லாவற்றோடும் ஒரு மனிதன் சேர்ந்திருக்கிறான்."

தலையை ஆட்டினேன். ஆட்டுவது லேசு.

2

நான் பழகிய வாகனங்களோடு ஒரு மனிதன் அல்ல, ஒரு ஊரே சேர்ந்திருந்தது.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. இங்கிலாந்தில் எப்போதோ செய்த பழைய கார்களை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். முன்மூடியைத் திறந்து, இயந்திரத்தின் வாயில் நாலு சொட்டு விட்டு, பிறகு எல்லாருமாகத் தள்ள வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் ஒன்றிரண்டு பேர்தான். தள்ளத் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

அண்ணையின் கலியாணத்தில் நடந்தது அவருக்கு நினைவிருக்கும். மாப்பிளைக் கார் மணற்காட்டுப் பக்கம் மணலில் இறங்கிவிட்டது. முகூர்த்தம் நெருங்குகிறது. மாப்பிளைத் தோழனான நான் தள்ளினேன், சாரதியின் தம்பி தள்ளினான், கடற்கரையிலிருந்து வந்த இரண்டு பேர் தள்ளினார்கள். கார் அசையவில்லை. கடைசியில் மாப்பிளையே தலைப்பாகையோடு இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். அண்ணி இன்றைக்கும் சொல்லுவா, தாலி கட்டும்போது இவரின் கையில் கிறீஸ் மணம் வந்தது என்று.

தள்ளுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. யாருடைய கார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சைக்கிளில் போகிறவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து தள்ளுவார். கார் பிடித்து ஓடத் தொடங்கியதும் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். சாரதி நன்றி சொல்ல நிற்க முடியாது. நின்றால் திரும்பவும் தள்ள வேண்டும்.

இதை ஏதோ பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோல் இருந்திருந்தால் எங்களில் ஒருத்தனும் தள்ளியிருக்க மாட்டான். எனக்குக் கையில் அந்தப் பழக்கம் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

3

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ட்ராம் தரிப்பிடத்துக்குக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். காலையில் ட்ராம் மிச்சம் வெளியை ஒட்டிப் போகும்போது புல்லின்மேல் பனிப்புகார் நிற்கும். மரங்கள் பாதிதான் தெரியும். அந்தச் சில நிமிடம் நான் லண்டனில் இருப்பதில்லை. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, ஆளில்லாத ஒரு செம்மண் வெளியில் எங்கள் ஊர்தி தன்பாட்டில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே பொழுதுபடும்போது சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்குமாம். நீலமான மாலையில் ஆறு சில்லும் தங்கள் தடத்தைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்லப் போகும். அழிக்க மழை இல்லை. பார்க்க ஆள் இல்லை. அப்படியே நானும் பின்னால் நடந்து போகலாம் போலிருக்கும். விம்பிள்டன் வந்துவிடும், யாராவது முதுகுப்பையால் இடிப்பார்கள்.

என் மனைவி வதனிக்கு இந்தக் கனவெல்லாம் பிடிக்காது. "செவ்வாயில ஓட வழி பாக்கிறியள், வீட்டு வாசல்ல கார் விட இடம் பிடிக்கத் தெரியேல்ல" என்பாள். கவுன்சிலுக்கு அனுப்பிய பார்க்கிங் பெர்மிட் விண்ணப்பம் இரண்டாம் தரமும் திரும்பி வந்திருந்தது. நியாயமான கோபம்தான்.

எங்களுக்கு ஒரே மகள், துளசி. இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழ் அப்பா, அம்மா, பசிக்குது, வேண்டாம் மாதிரியான வீட்டுப் பேச்சோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஆங்கிலம். பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போன ஒரு மழை நாளில், வழியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கார் சந்தியில் நின்றுவிட்டது. நான் எங்கள் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய்த் தள்ளினேன். துளசி கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "அப்பா, பிளீஸ்! ஹி'ஸ் காட் பிரேக்டவுன் கவர்!" கார் நின்றால் ஆள் வந்து திருத்தித் தருகிற காப்புறுதி அவரிடம் இருக்குமாம், நான் ஏன் தள்ள வேண்டும் என்கிறாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் பஸ்சிலிருந்து பார்த்துவிட்டார்களாம். அன்றைக்குப் பிறகு என்னோடு காரில் போகும்போதெல்லாம், "நீங்கள் இறங்கக் கூடாது" என்று முதலே சத்தியம் வாங்கிவிடுவாள்.

இப்போது வளர்ந்து வேலை பார்க்கிறாள். வீட்டை விட்டுப் போய் லண்டனின் மறு அந்தத்தில் சிநேகிதிகளோடு இருந்தாள், அதற்கு வதனி அழுதாள். இந்த வசந்தத்தில் நியூசிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னாள். உலகப் படத்தில் லண்டனிலிருந்து அதைவிடத் தூரம் போக முடியாது. அதற்கு மேல் என்றால் என் ஊர்தியோடுதான் போக வேண்டும்.

"அங்கை எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது, அப்பா."

"உனக்கு ஒண்டெண்டால் ஆர் வருவினம்?"

அவள் சிரித்தாள். "பிரேக்டவுன் கவர் எடுக்கிறன்."

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தூரத்தால் வந்த பயம் இல்லை அது. எங்களிடமிருந்து இவள் எதையுமே எடுத்துக்கொண்டு போகவில்லையோ என்ற பயம். தேவாரம் தெரியாது, கோயிலுக்கு வந்தால் போனைப் பார்ப்பாள், மீன்குழம்பை உறைப்பு என்று ஒதுக்குவாள். இவ்வளவு வருடம் வளர்த்து, வெறுங்கையோடு அனுப்புகிறேனே என்று நினைத்தேன்.

4

இனி அந்த விஷயம்.

எங்கள் ஊர்திக்கு நடக்கத் தெரியும். ஒவ்வொரு காலின் இடுப்பிலும் ஒரு மோட்டர் வைத்திருக்கிறோம். மணலில் மாட்டினால் சில்லைச் சுழற்றுவதோடு நில்லாமல், ஒரு காலை எடுத்து முன்னே வைக்கும். மற்ற ஐந்தும் ஊன்றிக்கொண்டு நிற்கும். பிறகு அடுத்த கால். இந்த நடையைத்தான் நான் வருடக்கணக்காகச் செய்து வருகிறேன். ஆனால் ஆறு மோட்டருக்கும் பாரம் இருக்கிறது. விண்வெளிக்குப் போகிற எதிலும் பாரத்துக்குத்தான் சண்டை. மோட்டர்களைக் கழற்றினால் அந்தப் பாரத்துக்கு இன்னொரு கருவி ஏற்றலாம் என்று வேறு குழு கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர்தியை மணலில் புதைத்து விடுவது. தானாக நடந்து வெளியே வந்தால் மோட்டர் இருக்கும். வராவிட்டால் மோட்டரும் போகும், என் நடையும் போகும்.

லண்டனுக்கு வடக்கே ஒரு பெரிய கொட்டிலுக்குள் அதற்கென்று மணல் தொட்டி இருக்கிறது. செவ்வாயில் எல்லாப் பொருளின் கனமும் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்துவிடும். அதனால் சோதனைக்கு மேல்பெட்டி இல்லாமல் வெறும் காலும் சில்லும் உள்ள ஒரு லேசான ஊர்தியைத்தான் விடுவோம். மணலைப் பராமரிப்பவர் டேவ் என்ற தொழில்நுட்பர். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அதைக் கிளறி, சமப்படுத்தி, ஒரு கால் தடமும் இல்லாமல் ஆக்கிவைப்பார்.

சோதனை தொடங்கியது. மற்றக் குழுவிலிருந்தும் வந்து நின்றார்கள், சுற்றிவரக் கமெரா. சரிவில் ஏறும்போது பின்சில்லுகள் பாதிவரை புதைந்தன. நடை தொடங்கியது. முன்னங்கால் ஒன்று மெல்ல எழுந்தது, முன்னே வந்தது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு மணலோடு சேர்ந்து வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்தது. இன்னொரு முறை எழுந்தது. திரும்பவும் வழுக்கியது.

அடுத்த கணம் நான் மணலுக்குள் நிற்கிறேன். இரண்டு கையும் ஊர்தியின் பின்பக்கத்தில். "இஞ்சை வாங்கோ, ஒரு கை குடுங்கோ!" என்று தமிழில் கத்தியும் இருக்கிறேன். அது கமெராவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஊர்தி லேசுதானே, மிக அழகாக மேடேறிவிட்டது. சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

ஹெலன் மெதுவாகக் கேட்டார். "சிவா, என்ன செய்தீர்கள்?"

"அது மாட்டிப்போய் நின்றது" என்றேன்.

"தெரியும். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்திருக்கிறோம்."

டேவ் மணலில் பதிந்த என் காலடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைய சோதனை செல்லாது என்று எழுதினார்கள். பிறகு ஒரு படிவம் வந்தது. காரணம் என்ன என்று கேட்டு, களைப்பு, பயிற்சிக் குறைவு, கருவிக் கோளாறு, வேறு என்று பெட்டிகள். வாழ்க்கையில் நான் நிரப்பாத படிவமா? அகதி விண்ணப்பத்திலிருந்து குடியுரிமை வரைக்கும் எல்லாவற்றிலும் எனக்குப் பொருந்துவது 'வேறு' என்ற பெட்டிதான். அதில் புள்ளடி போட்டு, 'பார்த்துக்கொண்டு நிற்பது சரியில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஹெலன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, அப்படியே கையெழுத்து வைத்தார்.

அடுத்த வாரம் தொட்டியை வேறு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை முடிவெடுக்கிற கூட்டம். இன்னொரு தரம் செய்ய மிஞ்சியிருந்தது சனிக்கிழமை மட்டும்.

5

அந்தச் சனிக்கிழமை பார்த்து ரயில் ஓடவில்லை, தண்டவாளத் திருத்த வேலையாம். எனக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பிடிக்காது. வீட்டில் வைத்திருந்த குளிர் உடுப்புகளை எடுக்க வந்து நின்ற துளசி, "நான் கொண்டுபோய் விடுறன், அப்பா" என்றாள்.

வதனி விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டு வந்திருந்தாள். வாசலில் வைத்து என் கையில் ஒரு தேசிக்காயையும் தந்தாள். "சில்லுக்குக் கீழ வைச்சு ஏத்துங்கோ. புது வாகனம் எல்லே."

"அங்கை ஒரு கிருமிகூடப் போகக் கூடாதெண்டு ஊர்தியை அவிச்செடுக்கிறாங்கள். நீர் தேசிக்காய் வைக்கச் சொல்லுறீர்!"

"இண்டைக்கு ஓடுறது அங்கை போற ஊர்தி இல்லைத்தானே" என்றாள். தேசிக்காய் எங்கள் காரின் முன்தட்டில் உருண்டுகொண்டு எங்களோடு வந்தது.

வழியில் துளசி கேட்டாள், ஆங்கிலத்தில்தான். இது சரிவராவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்?

"ஒண்டும் ஆகாது. வேற வேலை தருவினம். சில்லு இருக்கும், நடை இருக்காது."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். வீதியின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. நியூசிலாந்துக்குப் போகாதே என்று சொல்லக் கடைசியாக ஒரு சந்தர்ப்பம் என்று காலையிலேயே நினைத்திருந்தேன். வாய் திறக்க மனம் வரவில்லை. அந்த மஞ்சளுக்குள் அப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது.

கொட்டிலில் டேவ் தொட்டியைச் சுற்றிப் புதிதாகக் கயிறு கட்டியிருந்தார். அதில் ஒரு அட்டை தொங்கியது. 'தயவுசெய்து தள்ள வேண்டாம். சிவா, உங்களுக்குத்தான்.' துளசி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், படமும் எடுத்தாள். ஹெலன் அவளுக்கு விருந்தாளி அட்டை கொடுத்து என் பக்கத்தில் நிற்க விட்டார்.

ஊர்தி சரிவில் ஏறியது. அதே இடத்தில் பின்சில்லுகள் புதைந்தன. நான் இரண்டு கையையும் பின்னால் கோர்த்துக்கொண்டு, பள்ளிக்கூட அதிபருக்கு முன்னால் நிற்கிற மாணவன் மாதிரி நின்றேன். முன்னங்கால் எழுந்தது. முன்னே வந்தது. வழுக்கியது. கொட்டிலின் மேல் கண்ணாடியால் வந்த வெயிலில் மணல் தூள் எழும்பி மிதந்தது. மோட்டரின் மெல்லிய இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கால் திரும்ப எழுந்தது, திரும்ப வழுக்கியது. என் இத்தனை வருடமும் அந்த ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

பக்கத்தில் கயிறு ஆடியது.

திரும்பினேன். துளசி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். ஒரு கால் மணலுக்குள், அவளுடைய வெள்ளைச் சப்பாத்து பாதி புதைந்திருக்கிறது. இரண்டு கையும் ஊர்தியை நோக்கி நீண்டிருக்கின்றன. முகத்தைப் பார்த்தால் தான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தால் கை பட்டுவிடும். பட்டால் எல்லாம் முடிந்தது.

முழங்கையில் எட்டிப் பிடித்தேன். "தள்ளாதை, பிள்ளை."

"அப்பா, இட்ஸ் ஸ்டக்!"

"ஓம். விடு. அது வரும்."

வருமென்று எனக்குத் தெரியாது. என் பிடிக்குள் அவளுடைய கை முன்னே முன்னே இழுத்தது. நான் அவளைப் பிடித்திருந்தேனோ, அவள் என்னைப் பிடித்திருந்தாளோ, இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவள் மட்டும் அங்கே இல்லாவிட்டால் நான் திரும்பவும் மணலுக்குள் நின்றிருப்பேன் என்பது நிச்சயம்.

முன்னங்கால் மறுபடி எழுந்தது. இந்த முறை இறங்கிய இடத்தில் சில்லின் விளிம்பு மணலைக் கவ்வியது. நின்றது. மற்றப் பக்கத்துக் கால் எழுந்தது. அதுவும் நின்றது. பிறகு நடுக்கால்கள், பிறகு பின்கால்கள். ஒவ்வொரு அடிக்கும் விரல்கடை அளவுதான். ஒருவரும் தொடாமல், ஒருவரும் கூப்பிடாமல், தன் குழியிலிருந்து தானே எழும்பி அது மேட்டுக்கு வந்தது. ஹெலன் கைதட்டினார். டேவ் விசிலடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மணல் தூள் என்று சொன்னேன்.

டேவ் வந்து மணலில் இருந்த ஒற்றைச் சப்பாத்துத் தடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துளசியைப் பார்த்தார். "குடும்பம் முழுக்க இப்படித்தானா?" என்று கேட்டார்.

6

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மோட்டர்கள் தப்பின. அறிக்கையில் போட்ட படத்தில் ஆறு சில்லின் தடங்களும் இருக்கின்றன, ஓரத்தில் அந்தச் சப்பாத்துத் தடமும் இருக்கிறது. வெட்டிவிடவா என்று ஹெலன் கேட்டார். ஊர்தியில் கை படவில்லைத்தானே, இருக்கட்டும் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போதும் துளசிதான் ஓட்டினாள். தேசிக்காய் முன்தட்டில் அங்குமிங்கும் உருண்டது. மிச்சம் கிட்ட வந்தபோது, தான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை என்றாள். நான் ஹெலனுக்குச் சொன்ன அதே பதிலை அவளும் சொன்னாள், அது மாட்டிப்போய் நின்றதே என்று. சந்தியில் ஒரு கார் விளக்குகள் மினுக்க மினுக்க நின்றது. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். நல்ல வேளை, உண்மையிலேயே பிரேக்டவுன் லொறி வந்து நின்றது.

நேற்று அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் வதனி சோபாவில் இருந்துகொண்டு அழுதாள். "அவ்வளவு தூரத்தில பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லையே. ஒண்டெண்டால் இறங்கித் தள்ள ஒரு சனம் இல்லாத ஊர்." என்னுடைய பேச்சைத்தான் திருப்பிச் சொன்னாள், இந்த வசந்தம் முழுக்க நான் சொல்லிச் சொல்லி அவளுக்கும் பழகிவிட்டது.

பக்கத்தில் போய் இருந்தேன்.

"அழாதையும். இவள் போயிட்டாள்தானே" என்றேன். "இனி அங்கை தள்ள ஒரு ஆள் இருக்கு."